சொட்டுப்புலம்

வவுணதீவு அரிசி ஆலையை விட்டு நடந்து இரண்டாவது மதகையும் தாண்டியிருந்தேன். பின்னால் ஓர் ஓட்டோவின் ஹோர்ன் கேட்டது. திரும்பவில்லை. ஆலையில் இருந்து ஆள் விட்டிருந்தால் திரும்பிப் பார்ப்பது பிழை. பார்த்தால் நிற்க வேண்டும், நின்றால் கதைக்க வேண்டும், கதைத்தால் இன்னும் ஒரு மாதம் அங்கேதான். ஆலைக்காரர் நல்ல மனிதர். சாப்பாடு தந்தார், படுக்க இடம் தந்தார். ஆனால் தவிட்டுத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது, வேலையும் பழகிவிட்டது. பழகிய வேலையில் நான் நிற்பதில்லை. கல்முனையில் பேக்கரி, ஓட்டமாவடி மரக்காலையில் பலகை அடுக்குவது, கட்டாரில் கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைப்பது, வெள்ளாமைக் காலத்தில் வயல் வேலை, எல்லாம் அப்படித்தான் முடிந்தன. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் ஒரு வருடம் படித்தேன். அடுத்த வருடம் நாங்கள் முகாமில் இருந்தோம். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகத் தோன்றவில்லை.

ஓட்டோ என்னை முந்திப் போய்க் குறுக்கே நின்றது. கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகள் கட்டப்பட்டிருந்தன. ஓட்டிவந்தவர் காத்தான்குடிக்காரர், ஐம்பது வயதிருக்கும். வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தடவை கொஞ்சம் சத்தம் வந்தது.

“தம்பி, தமிழ் வாசிப்பியா?”

“வாசிப்பன்.”

“சத்தமா?”

“ஓம், காக்கா.” காத்தான்குடி அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

“ஏறு.”

ஒரு புடவைக் கடையின் மலிவு விற்பனைக்கு மூன்று நாள் கத்தித் தொண்டை அடைத்துவிட்டது என்று, பாதி கையாலும் பாதி மூச்சாலும் சொன்னார். இன்றைக்கு ஒரு கூட்டத்துக்கு அறிவிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை முழுக்கக் காலையிலேயே முக்கி முனகி முடித்துவிட்டார். மேற்கே இந்தப் படுவான்கரைப் பக்கம்தான் மிச்சம். ஒரு சுற்றுச் சுற்றினால் மத்தியானச் சோறு தன் பொறுப்பு, டவுனில் இறக்கியும் விடுவார். நான் போக நினைத்ததும் டவுனுக்குத்தான். பையை மடியில் வைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தேன்.

நோட்டிஸில் இருந்தது இவ்வளவுதான்: “சொட்டுப்புலக் கொள்கையும் ஈர்ப்பும். ஒன்றையே இரு விதமாகச் சொல்லும் ஓர் ஆச்சரியம். எளிய தமிழில் உரை. இன்று பிற்பகல், வாசிகசாலை மண்டபத்தில். அனைவரும் வருக.”

ஒலிபெருக்கியில் நீளமான சொல்லை அப்படியே விட்டால் காற்றில் கரைந்துவிடும். கட்டாரில் இருந்து வந்த புதிதில் ஒரு கோயில் திருவிழாவில் அறிவிப்புச் செய்தபோது அதைப் படித்துக்கொண்டேன். வெட்டி, இடைவெளி விட்டு, ஒவ்வொரு துண்டாக எறிய வேண்டும். அப்படியே எறிந்தேன்.

“சொட்டு! புலம்! ஈர்ப்பு! எளிய தமிழில்!”

காக்கா தலையைத் திருப்பிப் பார்த்து, பெருவிரலை உயர்த்திக் காட்டினார். என் குரல் நல்ல குரல். அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

அந்தச் சுற்று ஆலை வாசலாலும் போனது. என் குரல் கேட்டு உள்ளே நின்றவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். மூட்டை தூக்குகிறவன் ஒருவன் கையைத் தட்டிக்கொண்டு கத்தினான்: “டேய், காலையில வேலைய விட்டவன், அதுக்குள்ள தேர்தல் கேக்க வந்திட்டான்!”

கொஞ்சம் அங்கால், ஒரு மிளகாய்த் தோட்டத்து வேலியோரம் நின்ற ஒரு அம்மா கையைக் காட்டி ஓட்டோவை மறித்தார். கையில் தண்ணீர் வாளி. பின்னால் மிளகாய்க் கன்றுகள் வெயிலில் தலை தொங்கி நின்றன.

“தம்பி, கதை மட்டுந்தானா, பைப்பும் தருவாங்களா?”

எனக்குக் கேள்வி விளங்கவில்லை. காக்கா என் காதுக்குள் ஊதினார்: “வரச் செல்லு. வந்தா வெளங்கும்.”

“வாங்கம்மா. வந்தா விளங்கும்” என்றேன், அதையும் மைக்கில்.

மண்டபம் பாலத்தைக் கடந்து டவுன் ஓரத்தில் இருந்தது. சோறு தின்று முடித்ததும் நான் போயிருக்கலாம். போகவில்லை, ஏனென்றால் அந்தச் சொல் என்னை அரித்துக்கொண்டிருந்தது. உயர்தரத்தில் எங்கள் பௌதிக ஆசிரியர் பழைய புத்தகம் ஒன்றை வைத்துப் படிப்பித்தார். அதில் ‘சத்திச் சொட்டு’ என்று ஒரு சொல் இருந்தது. ஒளி குழாய் நீர் போல ஒழுகி வருவதில்லை, சொட்டுச் சொட்டாக வருகிறது என்பார். இப்போது எல்லாரும் குவாண்டம் என்கிறார்கள். அந்தச் சொட்டுத்தானா இது என்று கேட்டுவிட்டுப் போகலாம் என்று உள்ளே நுழைந்தேன்.

உள்ளே ஒரு பெண் பிளாஸ்டிக் கதிரைகளை வரிசையாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முப்பது வயது தாண்டியிருக்காது. அவருக்குப் பின்னாலேயே நடந்து, போட்ட கதிரைகளைச் சரி செய்வது போல நகர்த்திக்கொண்டிருந்தவர் வாசிகசாலைச் செயலாளர், ஓய்வு பெற்ற தபாலதிபர். அவர் குரல் தாழ்த்திக் கதைக்கிற ஆள் இல்லை.

“பிள்ள, நானும் பாத்திட்டன். முதல் சனிக்கிழமை வந்ததில பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கின ஆக்கள். போன சனி நீ, நான், காவல்காரன். அவனும் தூங்கிட்டான். இண்டைக்கும் கதிரை சும்மா கிடந்தா மண்டபத்த டியூசனுக்குத்தான் குடுக்கணும். அவங்க வாசல்ல நிக்காங்க.”

“வருவாங்க ஐயா.”

“இங்கிலிசில வையன். கெம்பஸ் ஆக்களாவது வருவாங்க.”

“கெம்பஸ் ஆக்களுக்குக் கெம்பசிலயே சொல்றன்தானே. தமிழில சொல்ல ஏலாட்டி எனக்கே இது பாதிதான் விளங்கியிரிக்கி எண்டு அர்த்தம்.”

உரை சொல்லப் போகிறவர் இந்தப் பெண்தான் என்று விளங்கி, அவரிடம் ‘சொட்டு’ பற்றிக் கேட்டேன். அவர் கதிரையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். அதே சொட்டுத்தான், புலம் காந்தப்புலம் மாதிரியான புலம் என்றார். ஆரையம்பதியில் படித்த காலத்தில் அந்தச் சொல்லால்தான் தனக்குப் பௌதிகம் பிடித்தது, பிறகு வெளிநாட்டில் படித்ததெல்லாம் வேறு மொழியில், திரும்பி வந்து எழுதத் தொடங்கியபோது அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். சொல்லும்போது முகம் மலர்ந்தது. வாசலில் இரண்டு டியூசன் மாஸ்டர்மார் சுவரை அளப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

முதலில் மோட்டார் சைக்கிள்கள். பிறகு பாலத்தின் மேலாக ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், பெட்டி நிறைய ஆட்களோடு. பஸ்ஸில் வந்தவர்கள் குடை பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். கதிரை போதாமல் செயலாளரே பின் அறையைத் திறந்து நீள வாங்குகளை எடுத்துப் போட்டார். டியூசன் மாஸ்டர்மார் போய்விட்டார்கள். அந்தப் பெண் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். சிரிக்கக்கூடாது என்று வாயை இறுக்கி வைத்திருந்தார்.

மிளகாய்த் தோட்டத்து அம்மா என்னைக் கண்டு தலையை ஆட்டிவிட்டு முன் வரிசையில் உட்கார்ந்தார். மடியில் ஒரு பெரிய உரப்பை, வெறுமையாக. அவருக்கு அடுத்து உட்கார்ந்த மெலிந்த ஒருவர் தன் தோட்டத்துக் கிணறு எங்கே, வாழை எங்கே, கச்சான் எங்கே என்று ஒரு தாளில் கீறிக்கொண்டு வந்திருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொட்டு என்றால் சொட்டுநீர்ப் பாசனம். புலம் என்றால் வயல். நாங்கள் வட்டை என்று சொல்வதை நோட்டிஸ் எழுதுகிற அதிகாரிகள் புலம் என்றுதான் எழுதுவார்கள். ஈர்ப்பு, மோட்டர் தண்ணீரை இழுப்பது. நான் வெட்டி வெட்டி எறிந்ததில் ‘கொள்கை’ யார் காதிலும் விழவில்லை. படுவான்கரை முழுவதும் குழாய் வாங்க வந்திருந்தது.

கரும்பலகைக்குப் பக்கத்தில் போனேன்.

“மிஸ், இவங்க பைப்புக்கு வந்திரிக்காங்க.”

“என்ன பைப்?”

சொன்னேன். அவர் கூட்டத்தைப் பார்த்தார், அந்த உரப்பையைப் பார்த்தார், தன் நோட்டிஸை எடுத்து ஒரு தடவை வாய்க்குள் வாசித்தார். “ஐயோ” என்றார். செயலாளர் கடைசி வரிசையில் பூரித்துப் போய் நின்றார். பேசாமல் தொடங்கியிருந்தால் அவருக்குக் கடைசி வரையும் தெரிந்திராது. ஆனால் அந்தப் பெண் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக் கையைக் கட்டிக்கொண்டார்.

“எல்லாரும் மன்னிக்கணும். எனக்குச் சொட்டுநீர்ப் பாசனம் பற்றி ஒண்டும் தெரியா. இஞ்ச பைப் ஒண்டும் இல்ல. நான் கதைக்க வந்தது வேற சொட்டு.”

எல்லாரும் ஒரேயடியாகக் கதைத்தார்கள்.

“வேற சொட்டா? கண்ணுக்கு விடுற சொட்டா?”

“எவன்டா அவன் ஓட்டோவில கத்தினவன்?”

“அந்தா, முன்னுக்குத்தான் நிக்கான், மயில் மாதிரி!”

வாசலில் நின்ற காக்கா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, இன்றைக்குத் தான் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று நிரூபித்தார். கதிரைகள் இழுபட்டன. மோட்டார் சைக்கிள்காரர் எல்லாரும் எழும்பிவிட்டார்கள். செயலாளர் வாசல் பக்கம் போவதும் திரும்புவதுமாக இருந்தார். பாதி மண்டபம் காலியானது. பஸ்ஸிலும் லேண்ட்மாஸ்டரிலும் வந்தவர்கள் மிச்சம்.

மிளகாய்த் தோட்டத்து அம்மா எழும்பவில்லை. “பஸ் இனிப் பொழுது படத்தான். இஞ்ச காத்தாவது வருது. நீ சொல்லு புள்ள, உன்ட சொட்டு என்னெண்டு பாப்பம்.”

அந்தப் பெண் தொடங்கினார். நான் பின்னுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்தேன்.

முதல் பத்து நிமிடமும் தண்ணீரில் கீறியது மாதிரிப் போனது. உலகத்தில் இருக்கிற பொருள் எல்லாவற்றையும் இரண்டு விதமான கணக்கால் விளக்குகிறார்கள் என்றார். ஒன்று, மிகச் சிறியவற்றுக்கு. அதில் எல்லாம் சொட்டுச் சொட்டாக நடக்கும். மற்றது, கல் விழுவதற்கும் சந்திரன் சுற்றுவதற்குமான ஈர்ப்புக் கணக்கு. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப் போகாமல் பெரிய ஆட்களையே அலைக்கழித்தன. பிறகு ஓர் ஆச்சரியம் தெரியவந்தது: விளிம்பு உள்ள ஒரு வெளியை எடுத்துக்கொண்டால், உள்ளே ஈர்ப்போடு நடக்கிறது முழுவதையும், ஈர்ப்பே இல்லாத ஒரு சொட்டுக் கணக்கால் விளிம்பில் மட்டும் வைத்துச் சொல்லிவிடலாம்.

மெலிந்த மனிதர் ஏதாவது சொல்லி உதவ வேண்டும் என்று நினைத்திருப்பார். “படுவான்கரை, எழுவான்கரை மாதிரியா புள்ள?”

மற்றவர்கள் தலையாட்டினார்கள். அது நல்ல உவமை, எடுத்துக்கொண்டால் கூட்டமே கையில் வந்துவிடும். அவர் எடுக்கவில்லை.

“இல்ல ஐயா. அது ரெண்டு கரை. இஞ்சயிருந்து அங்க போகலாம். இது போக வர ரெண்டு இடமில்ல. ஒண்டுதான், அதை ரெண்டு பாசையில சொல்றம். அரசாங்கக் கச்சேரியிலயிருந்து கடிதம் வந்தா ஒரு பக்கம் சிங்களம், ஒரு பக்கம் தமிழ் இரிக்கும். ரெண்டும் ஒரே விசயந்தானே?”

“தமிழ்ப் பக்கத்தில பிழை இரிக்கும்” என்றது பின்னால் ஒரு குரல். மண்டபம் சிரித்தது. அன்றைக்கு முதல் சிரிப்பு அதுதான், அவரும் சிரித்தார்.

“இதில ஒரு பிழையும் இன்னும் அகப்படல்ல. பிழையே இல்ல எண்டு ஒருத்தரும் முழுசா நிறுவவும் இல்ல. தேடிக்கொண்டுதான் இரிக்கிறம்.”

பிறகு பலகையில் ஒரு சதுரம் கீறி, ஓரக் கோட்டைத் தடிப்பாக்கினார். “இந்த விளிம்பு இரிக்கே…”

“வரம்பு எண்டு சொல்லன் புள்ள” என்றார் அந்த அம்மா. “பாத்தா வரம்பு மாதிரித்தானே கிடக்கு.”

சோக்குக் கட்டி பலகையில் அப்படியே நின்றது. பிறகு ‘விளிம்பு’ என்று எழுதியிருந்ததைக் கையாலேயே அழித்தார்.

“சரி. வரம்பு. வயலுக்குள்ள விழுறது இரிக்கி. வரம்பில விழுறதே இல்ல.”

“நல்ல கதை! வரம்பிலயிருந்துதான் புள்ள விழுறது. என்ட மனிசன் போன மாரிக்கு விழுந்து இன்னும் நொண்டுறார்!”

இந்தத் தடவை செயலாளரும் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் அந்தப் பெண் சொன்னார்: நீங்கள் வரம்புக்கு மேலே நிற்கிறீர்கள், நான் சொல்வது வரம்பையே. வயலைப் பார்க்கவே முடியாத ஓர் ஆள் வரம்பின் வெளிப்பக்கத்தில் நிற்கிறார் என்று வையுங்கள். அவருக்கு வரம்பில் ஊறுகிற ஈரம் மட்டும் தெரியும். உள்ளே ஒரு பொருள் வரம்போடு ஒட்டிக் கிடந்தால் ஈரம் ஒரு பொட்டு. அந்தப் பொருள் உள்ளே ஆழத்துக்கு விழ விழ, பொட்டு அகலும். கையளவாகும், பாயளவாகும். உள்ளே நிற்கிறவர் ‘விழுகுது’ என்பார். வெளியே நிற்கிறவர் ‘பரவுது’ என்பார். விழுவது என்ற ஒன்றே அவருடைய கணக்கில் இல்லை. இரண்டு பேரும் தங்கள் தங்கள் கணக்கைப் போடலாம். விடை ஒன்றுதான் வரும்.

நான் வரம்பு கட்டியவன். நண்டு துளைத்த வரம்பில் ஈரம் அகலுவதைக் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். அந்த ஈரத்துக்குள் ஒரு விழுகையே இருக்கலாம் என்று கேட்டபோது என் முதுகு சுவரை விட்டு வந்துவிட்டது. ஒரு வருடம் படித்த கணிதம் இதற்குப் போதாது என்று தெரியும். ஆனால் இந்தக் கதை எனக்கு விளங்கியது. விளங்கியதாக நான் நினைப்பதும் சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

மெலிந்த மனிதர் விடவில்லை. “எங்கட உலகத்துக்கு இப்பிடி ஒரு வரம்பு இரிக்கா?”

“இல்லப் போலத்தான் தெரியுது ஐயா. இது கணக்கில கட்டின வேற விதமான உலகம்.”

“அப்ப என்னத்துக்கு மினக்கெடுறீங்க?”

அந்தக் கேள்விக்கு அவர் காத்திருந்தவர் போல இருந்தது. வரம்புப் பக்கத்தில் சொட்டுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக் கொதித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கணக்கை ஒருவராலும் போட முடியாது என்றார். அதையே உள்பக்கத்துப் பாசைக்கு மாற்றினால் அது கருந்துளை என்கிற ஒன்றின் கணக்காகிவிடும். வெளிச்சமே தப்ப முடியாத இழுப்பு உள்ளது, ஆனால் கணக்குக்கு எளியது. போட்டு, விடையைத் திரும்ப வரம்புக்குக் கொண்டு வரலாம். எங்கள் உலகத்தில் அணுவுக்குள் இருப்பவற்றை உருக்கிப் பார்க்கிறவர்களுக்கு அதனால் ஒரு வழி தெரிந்திருக்கிறது.

“சுத்திப் போறதுதான் கிட்ட எண்டு சொல்லுறாய்” என்றார் அந்த அம்மா.

“ஓம் அம்மா. அதேதான்.”

பஸ் வருகிற நேரம் வந்தும் சிலர் எழும்பவில்லை. உள்ளே இருக்கிறவருக்கும் வெளியே இருக்கிறவருக்கும் சண்டை வந்தால் யார் தீர்ப்பது என்று கேட்டார்கள், கருந்துளைக்குள் தண்ணீர் இறைக்கலாமா என்று கேட்டார்கள். அந்த அம்மா உரப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகும்போது சொன்னார்: “அடுத்த சனி இரிக்கா? இரிந்தா வாறன். ஆனா அந்தச் சொட்டத் தூக்கிப் போடு புள்ள. எங்களக் கூப்பிட்டு ஏமாத்துற மாதிரி இரிக்கி.”

எல்லாரும் போன பிறகு செயலாளர் கதிரைகளை அடுக்கினார். நானும் காக்காவும் கை கொடுத்தோம். அந்தப் பெண் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் செயலாளரே வாயைத் திறந்தார்.

“பிழையா வந்த ஆக்கள நான் கணக்கில எடுக்க மாட்டன், பிள்ள. ஆனா பிழையா வந்தவங்க இரிந்து கேட்டதையும் பாத்தன். இன்னும் ஒரு சனி தாறன். நோட்டிசப் பாத்து, என்னத்துக்கு வாறம் எண்டு விளங்கி வரட்டும். வந்தா மண்டபம் உனக்கு. வராட்டி டியூசனுக்கு.”

“சரி ஐயா” என்றார் அந்தப் பெண். வாசலில் நான் பையைத் தோளில் போட்டபோது கேட்டார்: “அண்ணன் இப்ப எங்க வேலை?”

“காலையிலதான் ஒண்ட விட்டன்.”

“நீங்க இண்டைக்கு வாசிச்ச வாசிப்பிலதான் இவ்வளவும் நடந்தது.”

திட்டு என்று நினைத்தேன். திட்டு இல்லை. “ஒரு இடத்திலயும் தடுக்காம வாசிச்சிரிக்கீங்க. விளங்காத சொல்லையும் விளங்கின மாதிரி. அதுதான் சனம் நம்பிட்டு. நான் எழுதினது முழுக்க அப்பிடித்தான் கிடக்கு, ஒரு புத்தகம் அளவுக்கு. எனக்குத் தடுக்கிற ஆள் ஒண்டு வேணும். நாக்குத் தடுக்கினா, மனசு வேற எங்கயும் போனா, நிப்பாட்டிச் சொல்லணும். நாள்கூலி தாறன், சாப்பாடும்.”

“காக்கா, எப்பிடி?” என்று கேட்டேன். அன்றைக்கு என்னைக் கூலிக்குப் பிடித்தவர் அவர்தானே. “போ, போ” என்று ஊதினார். “மைக் மட்டும் குடுத்திராதீங்க மிஸ்.”

இரவு காக்காவின் ஓட்டோவிலேயே ஆரையம்பதிக்குப் போய், சந்தைக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மீன்பிடிக்காரர் வீட்டில் படுத்தேன். மறுநாள் காலை மிஸ்ஸுடைய வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார வைத்தார்கள். எதிரே அவர், கையில் பென்சில். அடுப்படியில் அவருடைய அம்மா, வெங்காயம் உரித்தபடி, தானும் கேட்கப் போவதாகச் சொன்னார். மிஸ் தாள்களை என் முன்னால் தள்ளினார்.

மைக்குக் குரலில் தொடங்கினேன். “அப்பிடி இல்ல, மெதுவா” என்றார். மெதுவாகத் தொடங்கினேன். மூன்றாவது வரியில் நாக்குத் தடுக்கியது. வழக்கமாக அந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் உயர்த்தித் தாண்டிவிடுவேன். தாண்டாமல் நிறுத்தி, அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தேன்.

“எனக்கும் அதில விளங்கல்ல மனே” என்றார் அடுப்படியில் இருந்த அம்மா.

மிஸ் பென்சிலால் அந்தச் சொல்லை வெட்டினார். “மேல வாசிங்க.”